ஆப் வந்தது, மீட்டர் எங்கே?

"ஆட்டோக்காரனுங்களுக்கு நல்லா வேணும்" என்று சொல்லாத ஓய்வூதியர் இன்று புதுச்சேரியில் யாராவது இருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. ஆப் வந்தது, கொட்டம் அடங்கியது என்று என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் என்னால் சேர முடியவில்லை. காரணத்தை எழுதுகிறேன். திட்ட நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

ஆட்டோக்காரர்களுக்கு நான் வக்கீல் இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரை இரண்டரை, மூன்று கிலோமீட்டர் இருக்கும். அதற்கு இருநூறு ரூபாய் கேட்பார்கள். கையில் பெட்டியும் முகத்தில் வெளியூர்க் களையும் இருந்தால் முந்நூறு. மீட்டர் என்ற பொருள் வண்டியில் இருக்கும், ஆனால் அதன் மேல் ஒரு துணி போர்த்தியிருக்கும், அல்லது சாமி படம் மாட்டியிருக்கும். "மீட்டர் போடுப்பா" என்று சொன்னால், போன நூற்றாண்டிலிருந்து இறங்கி வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஒரு ஸ்டாண்டின் எல்லைக்குள் வேறு ஸ்டாண்டு வண்டி ஆள் ஏற்றக்கூடாது. புதிதாக ஒருவர் ஸ்டாண்டில் சேரவேண்டுமென்றால் சங்கத்துக்குப் பணம் கட்டவேண்டும். பொதுச்சாலை எப்படி இவர்கள் சொத்தாயிற்று என்று யாரும் கேட்டதில்லை. இதெல்லாம் உண்மை. நானும் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை அஜந்தா சிக்னல் பக்கத்தில் பாதி வழியில் இறங்கி, கோபத்தில் வீடு வரை நடந்தே வந்திருக்கிறேன்.

ஆப் இதைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஏறுவதற்கு முன்பே விலை தெரிகிறது, பேரம் இல்லை. இரவில் தனியாக வரும் பெண், தான் எங்கே வருகிறாள் என்பதை வீட்டிலிருப்பவர்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். இது பெரிய விஷயம், மறுக்கமாட்டேன். ஆனால் ஏறுமுன் விலை தெரியவேண்டும், ஆளுக்கு ஒரு விலை கூடாது என்பதற்காகத்தான் மீட்டர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசிதழில் அச்சாகும். அமைச்சர் வீட்டு ஆளுக்கும் அதே விலை, ஆயாவுக்கும் அதே விலை. ஆப் தரும் விலையை எந்த அரசிதழில் பார்ப்பது? மழை பெய்தால் ஒரு விலை, ரயில் வந்தால் ஒரு விலை, ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டால் இன்னொரு விலை. கணக்கைக் கேட்டால் 'டிமாண்ட்' என்று ஒரு வார்த்தை. பேருந்து நிலையத்து ஆட்டோக்காரர் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார் என்பதுதானே நம் புகார்? இது முகத்தைக்கூடப் பார்க்காமல் விலை சொல்கிறது.

2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. ஒரே பயணத்துக்கு ஐபோனில் ஒரு விலையும் ஆண்ட்ராய்டில் ஒரு விலையும் காட்டுவதாகப் புகார். நிறுவனங்கள் மறுத்தன. அதே ஆண்டு மே மாதம் இன்னொரு நோட்டீஸ். வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் கொடுத்தால் சீக்கிரம் வரும் என்று ஊபர் செயலி கேட்கிறதே, இது என்ன நியாயம் என்று. இதைத்தான் நம் ஊரில் 'மேல போட்டுக் குடுங்க சார்' என்பார்கள். ஆட்டோக்காரர் கேட்டால் அடாவடி, போன் கேட்டால் வசதி!

இதே ஆட்டம் பாரிஸில் முன்பே ஆடி முடிந்துவிட்டது. நம் ஊரில் பாதி வீடுகளுக்கு அங்கே உறவு உண்டு, ஆகவே இந்தக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2008 குளிர்காலத்தில் பாரிஸில் ஒரு மாநாட்டுக்குப் போன இரண்டு பேருக்கு டாக்சி கிடைக்கவில்லையாம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ஊபர் என்று அந்த நிறுவனமே சொல்லிக்கொள்கிறது. கிடைக்காததற்குக் காரணம் இருந்தது. பாரிஸில் டாக்சிகளின் எண்ணிக்கையைப் பல பத்தாண்டுகளாகப் பெரிதாகக் கூட்டவே இல்லை. அரசு இலவசமாகக் கொடுத்த உரிமத்தை ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் விற்றார்கள். விலை இரண்டு லட்சம் யூரோவைத் தாண்டியது. நம் ஸ்டாண்டு பணத்துக்கு அது பெரியண்ணன். ஊபர் வந்ததும் 2015 ஜூன் 25 அன்று டாக்சிக்காரர்கள் டயரைக் கொளுத்தி, விமான நிலையச் சாலையை மறித்தார்கள். உரிமம் இல்லாத யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டலாம் என்றிருந்த ஊபர்பாப் சேவை ஜூலை தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. மற்றது நிற்கவில்லை.

அடி யாருக்கு விழுந்தது என்று பாருங்கள். உரிமத்தை அந்தக் காலத்தில் சும்மா வாங்கி, நல்ல விலைக்கு விற்று ஓய்வுபெற்றுப் போனவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியாகக் கடன் வாங்கி உரிமம் வாங்கியவன் மாட்டினான். இங்கேயும் அப்படித்தான். சங்கத்தில் கொடி பிடித்து வளர்ந்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பைனான்சில் வண்டி எடுத்து, ஸ்டாண்டுக்குப் பணம் கட்டி மூன்று வருடம் ஆன பையன்தான் இன்று நடுத்தெருவில் நிற்கிறான். போதாததற்கு நம் ஊரில் வாடகை ஸ்கூட்டர் வேறு. சுற்றுலா வருகிறவர்கள் பாதிப்பேர் அதை எடுத்துக்கொண்டு நம் மேலேயே ஏற்றுகிறார்கள். அது தனிக் கட்டுரை.

சரி, ஸ்டாண்டை விட்டு ஆப்பில் சேர்ந்த ஓட்டுநராவது நன்றாக இருக்கிறாரா? முதலில் ஊக்கத்தொகை என்று கொட்டினார்கள். கொட்டியதை நம்பிக் கடனில் கார் வாங்கினார்கள். பிறகு ஊக்கத்தொகை குறைந்தது, கமிஷன் நின்றது. 2017 பிப்ரவரியில் டெல்லியில் ஓலா, ஊபர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது இதனால்தான். இப்போது ஆட்டோக்களுக்குக் கமிஷன் இல்லை, தினசரிக் கட்டணம் மட்டும் என்று மாற்றிக்கொண்டு வருகிறார்கள். 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோவில் அப்படி மாறியது. கேட்க நன்றாக இருக்கிறது. கூடவே ஒரு வரி உண்டு: நாங்கள் ஓட்டுநரையும் பயணியையும் இணைத்துவைப்பவர்கள் மட்டுமே, திரையில் காட்டுவது யோசனை விலைதான். தகராறு வந்தால் நீங்களாச்சு, அவராச்சு. ஆப்பில் நூற்றிருபது காட்டி, இறங்கும்போது நூற்றைம்பது கேட்டால் யாரிடம் போவது? பழைய ஆட்டோவுக்கே திரும்பி வந்துவிட்டோம். நடுவில் தினசரி வாடகை வாங்க ஒருவர் கூடியிருக்கிறார், அவ்வளவுதான்.

பிரெஞ்சு வழியில் படித்ததால் ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த லாபம் அந்த ஊர்த் தீர்ப்புகளை நேராகப் படிக்க முடிவது. 2020 மார்ச் 4 அன்று பிரான்சின் கூர் த கசாசியோன் ஊபர் வழக்கில் கொடுத்த தீர்ப்பு சுருக்கமானது, தெளிவானது. இந்த ஓட்டுநர் சுதந்திரத் தொழிலாளி என்கிறீர்கள். அவர் தனக்கென்று வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா? முடியாது. விலையை அவர் வைக்கிறாரா? இல்லை. எந்த நிபந்தனையில் ஓட்டுவது என்று அவர் தீர்மானிக்கிறாரா? இல்லை. சில சமயம் எங்கே போகிறோம் என்பதுகூட அவருக்கு முன்னால் தெரிவதில்லை. அப்படியானால் அவர் உங்கள் ஊழியர்தான். அடுத்த வருடம் பிப்ரவரி 19 அன்று இங்கிலாந்து உச்சநீதிமன்றமும், ஊழியர் என்ற அதே சொல்லில் இல்லாவிட்டாலும், குறைந்தபட்ச ஊதியமும் விடுமுறையும் பெறவேண்டிய தொழிலாளி என்று சொன்னது.

வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்ற அந்தக் கேள்வி என் மனதில் நின்றுவிட்டது. எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அவருடைய அப்பா சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர், தாத்தா புஸ்புஸ் வண்டி தள்ளியவராம். இந்தத் தெருவில் யாருக்கு எந்தக் கிழமை ஜிப்மரில் செக்கப் என்பது அவருக்கு மனப்பாடம். நடு இரவில் என் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்தபோது அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். காசு மறுநாள்தான் கொடுத்தேன். இவரும் பகலில் வெளியூர்க்காரரிடம் இருநூறு கேட்கிறவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அவரிடம், "நீங்களும் ஆப்பில் சேர வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"சேந்தேன் ஐயா, மூணு மாசம். அதுல எனக்கு யாரையும் தெரியல, என்னையும் யாருக்கும் தெரியல. நாலு நம்பர் சொல்றாங்க, எறங்கிப் போறாங்க. ஸ்டார் கொறஞ்சிடுச்சின்னு ரெண்டு நாளு சவாரியே வரல. எதுக்குக் கொறஞ்சிச்சின்னு கேக்க ஒரு ஆளு இல்ல."

கேட்க ஒரு ஆள் இல்லை. பயணி பக்கமும் இதேதான். கண் ஆஸ்பத்திரி வாசலில், கண்ணில் மருந்து ஊற்றிய மனைவியைக் கைப்பிடித்துக்கொண்டு போனில் வண்டி தேடினேன். முதல் ஓட்டுநர், "எங்க சார் போகணும்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்டு வைத்துவிட்டார். இரண்டாமவர் நான் ரத்து செய்யட்டும் என்று இரண்டு தெரு தள்ளி நின்றுகொண்டே இருந்தார். மூன்றாமவர் வந்தார், வேறு இடத்துக்கு. நம் ஊரில் ஒவ்வொரு நகருக்கும் ஒரு முதல் குறுக்குத் தெரு உண்டு, பழைய தெருக்களுக்கு இரண்டு பெயர் உண்டு. வரைபடத்துக்கு அது புரியாது. அங்கே வாசலிலேயே நான்கு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அவர்கள் கேட்டது ஆப் விலையைப்போல் இரண்டு மடங்கு. நடுவில் மாட்டிக்கொண்டது நாங்கள். என் மகன் போனில், "டெக்னாலஜி கத்துக்கோங்கப்பா" என்கிறான். எழுபது வயதுக்கு மேல் வலைப்பூவே எழுதுகிறேன், டெக்னாலஜி தெரியாமலில்லை. தெருவில் கை நீட்டினால் நியாயமான விலைக்கு வண்டி நிற்கவேண்டும் என்கிறேன். போன் இல்லாத கிழவிக்கும் நிற்கவேண்டும்.

இதைச் செய்யவேண்டியது ஆட்டோக்காரரும் இல்லை, கலிஃபோர்னியாக்காரரும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 67, கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. 2019 திருத்தம் பிரிவு 93இல் இந்தச் செயலி நிறுவனங்களையும் உரிமத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. 2025 ஜூலையில் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதல்படி, நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு வரை வாங்கலாம், கூட்டம் இல்லாதபோது பாதி வரை குறைக்கலாம். சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போகவேண்டும். எல்லாம் சரி. ஆனால் இரண்டு மடங்கு என்றால் எதன் இரண்டு மடங்கு? மாநிலம் வைக்கிற அடிப்படைக் கட்டணத்தின் மேல்தானே இந்தக் கணக்கெல்லாம் நிற்கிறது?

பக்கத்தில் சென்னையைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை பாதி கூடுதல் என்று ஒழுங்காக நிர்ணயித்தார்கள். கொஞ்ச நாள் மீட்டரும் ஓடியது. அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. பெட்ரோல் எழுபது சொச்சத்திலிருந்து நூறைத் தாண்டிப் போய்விட்டது. கட்டுப்படியாகாத மீட்டரை யார் போடுவான்? 2025 பிப்ரவரி 1 முதல் சங்கங்கள் தாங்களாகவே 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் 18 என்று அறிவித்துக்கொண்டன. அரசு விட்ட இடத்தில் ஒரு பக்கம் சங்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் ஆப் உட்கார்ந்தது. நம் ஊரில் மீட்டர் ஓடி நின்றதுகூட இல்லை, ஓடவே இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது எப்படி நடக்கும் என்று தெரியும். கட்டண உயர்வுக் கோப்பு மாதிரி யாருக்கும் பிடிக்காத கோப்பு கிடையாது. ஏற்றினால் மக்கள் திட்டுவார்கள், ஏற்றாவிட்டால் சங்கம் திட்டும். ஆகவே 'விவாதிக்கவும்' என்று எழுதி அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். தேர்தல் முடியட்டும் என்பார்கள். முடிந்ததும் அதிகாரி மாறுவார், அவருக்குப் புதிதாகக் குறிப்பு வைக்கவேண்டும். ஓடாத கோப்பின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் வராது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவன் பையிலிருந்தும், பைனான்ஸ் கட்ட முடியாத ஓட்டுநர் பையிலிருந்தும் போகும்.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போக்குவரத்துத் துறைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம், இரண்டே பக்கம். ஆட்டோ, டாக்சிக் கட்டணத்தை நிர்ணயித்து, எரிபொருள் விலையோடு சேர்த்து வருடம் ஒருமுறை தானாகத் திருத்தவேண்டும், கோப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. ஸ்டாண்டானாலும் ஆப்பானாலும் அந்த ஒரே கட்டணத்தை அடிப்படையாக வைக்கவேண்டும். பேருந்து நிலையம், ரயில் நிலையம், ஜிப்மர் வாசலில் அதைப் பெரிய எழுத்தில் பலகையாக வைக்கவேண்டும். மீட்டர் போடாத வண்டிக்கும், சவாரியை ஏற்றுக்கொண்டு ரத்து செய்யும் வண்டிக்கும் ஒரே அபராதம். பொதுச்சாலையில் எந்த வண்டி ஆள் ஏற்றுவதையும் எந்தச் சங்கமும் தடுக்கக்கூடாது. கடைசி வரியைப் படித்துவிட்டு ஸ்டாண்டுப் பெரியவர் முகம் சுளித்தார். மற்றதற்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வரும் திங்கள் காலை பத்து மணிக்கு ரோமன் ரோலந்து நூலகத்தில் பத்திரிகைகள் படிக்கும் இடத்தில் இருப்பேன். கையெழுத்துப் போட விரும்புபவர்கள் வரலாம். வாதம் செய்ய விரும்புபவர்கள் பதினோரு மணிக்குமேல் வரவும், வெளியில் டீ சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.