மூலைமட்டம் அறியாத விமர்சனம்

கணினியின் கட்டளைப்படி மரம் செதுக்கும் சி.என்.சி. ரௌட்டர் மேசையை வீட்டிலேயே கட்டுவோர் மீது நம் இலக்கிய வட்டத்தில் ஒரு தீர்ப்பு உலவுகிறது: 'கைத்திறனின் சாவு'. தீர்ப்பெழுதியோர் ஒருமுறை தாம்பரம், சேலையூர்ப் பக்கத்து மொட்டைமாடிக் கொட்டகை ஒன்றில் எட்டிப் பார்க்கட்டும்.

200 படிகளில் ஒரு சுற்றை முடிக்கும் ஸ்டெப்பர் மோட்டாரை, சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் திருகுத்தண்டோடு இணைத்தால் ஒரு படிக்கு 0.04 மி.மீ. நகர்வு கிடைக்கும். ஆனால் சட்டம் கோணலானால் இயந்திரம் அந்தக் கோணலையும் அதே நுட்பத்தோடு செதுக்கித் தரும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, அவை சமமாகும்வரை சட்டத்தைத் தட்டித் தட்டி மூலைமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியது கைதான். கட்டில் செய்யும் ஆசாரியின் பாடம் அது. சாகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

1952இல் அமெரிக்க எம்.ஐ.டி.யில் எண்வழி இயங்கும் மில்லிங் இயந்திரம் முதன்முதலில் காட்டப்பட்டபோது நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு வயது மூன்று. அங்கே படித்த சுஜாதா கணினியைத் தமிழில் எழுதினார். நாமோ பட்டறையைக் கவிதைக்கு உவமையாக்கியதோடு நிறுத்திக்கொண்டோம். அங்கே புழங்கும் சொற்களுக்கு நம் இதழ்களில் எத்தனை பக்கம் ஒதுக்கினோம்?

செதுக்குக் கூலியை இழக்கும் தச்சரின் துயரம் மெய். அது கூலியைப் பற்றிய கேள்வி, கூலியாகவே பேசுவோம். அவரிடம் ஒரு நிலைப்படிகூடச் செய்யக் கொடுக்காத நாம், அவர் கலைக்காக ஒப்பாரி வைப்பது போலித்தனம்.