எந்த ஊரு? எந்த ஆளுங்க? – எல்லையில் ஒரு குடும்பப் படம்

கடந்த சில மாதங்களாக நாங்கள் மூன்று பேர், அக்கா, தம்பி, மாமா மகள், ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேமரா என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு செல்போன், சட்டையில் குத்தும் ஒரு மைக், அவ்வளவுதான். எங்கள் ஆயாவைப் பற்றிய படம். நாங்கள் எங்கிருந்து வந்தோம், இப்போது எந்த ஊர்க்காரர்கள் என்பதைப் பற்றிய படம்.

முதல் நாள், ஓசூரில் ஆயாவை உட்கார வைத்து முதல் கேள்வி கேட்டோம். "ஆயா, உன் சொந்த ஊரு எது?" ஆயா சிரித்துவிட்டது. "எங்கப்பன் வடஆற்காடு. நான் பொறந்தது தங்கவயலு. புள்ளைங்க பொழப்பு ஓசூரு. இதுல எத நான் இன்னான்னு சொல்றது?" என்றது. எங்கள் முழுப் படமும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

ஓசூரிலிருந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் வந்தன. ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்தக் கோடு அதற்கும் முந்தியது. வெள்ளைக்காரக் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்ட ஆரம்பித்த 1880-களிலிருந்தே சேரியிலிருந்து சனம் மைசூர் சமஸ்தானத்துக்குள் போனது. பண்ணையாரின் நிலத்தில் கூலிக்கும் அடிக்கும் நின்றதைவிடப் பூமிக்குள் இறங்குவது மேல் என்று போனார்கள். கடைசியில் அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. நுரையீரலில் கல்தூசியோடு மேலே வந்தவர்கள் அவர்கள்தான்.

ஆனால் தங்கவயலில் அவர்கள் வெறும் கூலிகளாக மட்டும் இருக்கவில்லை. பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளை நூல்களாகப் போட்டுக் காப்பாற்றியது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. தமிழ்நாடு அவரை மறந்திருந்த காலத்திலும் மாநிலத்துக்கு வெளியே சுரங்கத் தொழிலாளிகளின் ஊர் அவரை மறக்கவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பிறகு பாதிச் சனம் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போனது. மீதியில் கொஞ்சம் ஓசூர் சிப்காட்டுக்கு வந்தது. எங்கள் மாமா அப்படி வந்தவர்.

இப்படி ஒரு படத்தை எடுக்கத் தொடங்கியவுடன், மற்றவர்கள் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று தேடினோம். ஆனந்த் பட்வர்தன் 2023-இல் வெளியிட்ட 'வசுதைவ குடும்பகம்' கிடைத்தது. அவருடைய அம்மா நிர்மலா இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தைச் சேர்ந்தவர். அப்பாவின் அண்ணன்மார் சுதந்திரப் போராட்டத்தில் பெயர் பெற்றவர்கள். பெற்றோரின் கடைசிக் காலத்தை வீட்டுக்குள்ளேயே படம்பிடித்து, அதன் வழியாகப் பிரிவினையைப் பேசுகிறார்.

இன்னொன்று ஈழத் தமிழரான ஜூட் ரட்ணம் எடுத்த 'டீமன்ஸ் இன் பாரடைஸ்'. 1983 ஜூலைக் கலவரத்தின்போது கொழும்பிலிருந்து குடும்பத்தோடு ரயிலேறித் தப்பிய சிறுவன், வளர்ந்தபின் தன் மாமாவை அழைத்துக்கொண்டு அந்தப் பழைய இடங்களுக்குப் போகிறார். மாமா ஒரு காலத்தில் போராளி. சிங்கள இனவெறியைக் கேட்பதோடு படம் நிற்கவில்லை. தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றதையும் கேட்கிறது. 2017-இல் கான் விழாவில் காட்டப்பட்ட அந்தப் படம், அதே ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு வந்ததால் திரையிடப்படவில்லை. அதன் அரசியலோடு நமக்கு முரண்பாடு இருக்கலாம். ஆனால் குடும்பப் படம் எடுப்பவர் ஒரு கட்டத்தில் சொந்தப் பக்கத்தையும் கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதை அதில் பார்த்தோம்.

எங்களுக்கு அந்தக் கட்டம் அத்தையிடம் வந்தது. 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். அத்தை அப்போது அங்கே ஒரு குடிசைப் பகுதியில் இருந்து கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு நடந்தே எல்லையைத் தாண்டியது. இதை நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். கேமரா முன்னால்தான் மிச்சத்தைச் சொன்னது. "இந்தப் பக்கம் வந்ததும் ஒரு வூட்ல தண்ணி கேட்டோம். அந்தம்மா சொம்ப எடுத்தாந்துச்சு. குடுக்கறதுக்கு முன்னாடி, நீங்க எந்த ஆளுங்கன்னு கேட்டுச்சு. சொன்னேன். சொம்ப உள்ள வெச்சிட்டு, கையில ஊத்துச்சு."

அங்கே தமிழர் என்று அடி. இங்கே தமிழரிடம் வந்தால் கையேந்தித் தண்ணீர். ஒரே நாளில்.

சமூகவியல் படித்தபோது, அண்ணல் அம்பேத்கர் 1955-இல் மொழிவாரி மாநிலங்களைப் பற்றி எழுதியதைத் தேர்வுக்காகப் படித்தோம். ஒரு மொழி மாநிலத்தில் எண்ணிக்கையில் பெரிய சாதியின் கையே ஓங்கும், சிறிய சாதிகளுக்கு எங்கே பாதுகாப்பு என்று அவர் கவலைப்பட்டார். அத்தை பேசிய அன்றுதான் அது எங்களுக்கு உறைத்தது. பிரிந்து கிடக்கும் தாயகம் என்றால் இரண்டு மாநிலம் என்று நினைத்துப் படத்தைத் தொடங்கினோம். நமக்கு முதல் பிரிவினை ஊர், சேரி என்பதுதான். அந்தக் கோடு எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது.

'தமிழர் துயரம்' என்று மட்டும் படத்தை முடித்தால் இன்னொரு தப்பும் நடக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நம் மக்களில் பலர் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள். ஹொலேயா, மாதிகா, ஆதி கர்நாடகா எல்லாம் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கும் பெயர்கள்தான். மொழியை அளவுகோலாக வைத்தால் பக்கத்துத் தெரு அக்காவை நாமே வெளியே நிறுத்துகிறோம்.

அடுத்தது காகிதம். பட்வர்தன் வீட்டில் புகைப்படமும் கடிதமும் இருந்தன. எங்கள் வீட்டில் தாத்தாவின் அப்பாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தால் சுரங்க அடையாள அட்டை, பி.எஃப். தாள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ். எங்கள் குடும்ப ஆவணம் என்பது அரசாங்கம் எங்களைப் பற்றி எழுதிவைத்தது மட்டும்தான்.

அந்தக் காகிதமும் எல்லையில் செத்துப்போகிறது. அரசமைப்பின் 341-ஆவது பிரிவின்படி பட்டியல் சாதி என்பது மாநிலவாரியானது. 1950 ஆகஸ்ட் 10-இல் குடும்பம் எங்கே நிரந்தரமாக வாழ்ந்தது என்று பார்ப்பார்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அதே சாதி பட்டியலில் இருந்தாலும், அந்த மாநிலத்தின் இடஒதுக்கீடு கிடையாது. 1990-இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018-இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்விலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. 1950-இல் நாங்கள் தங்கவயலில் இருந்தோம். ஆகவே மாமா மகள் ஓசூரிலேயே பிறந்து, இங்கேயே பன்னிரண்டாவது படித்தும், கல்லூரிச் சேர்க்கையில் பொதுப்பிரிவு. ஒரு அலுவலகத்தில் 'உங்கள் ஊரில் போய் வாங்குங்கள்' என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் 'நீங்கள் தமிழ்நாடுதானே' என்றார்கள். வீடு வாடகைக்குக் கேட்டால் மட்டும் சாதி எல்லை தாண்டியும் செல்லுபடியாகிறது. தீண்டாமை கூடவே குடிபெயர்கிறது, பாதுகாப்பு மட்டும் சோதனைச் சாவடியில் நின்றுவிடுகிறது. இதை மாற்றச் சொல்லிப் போராட வேண்டியது நம் வேலை.

இனி, எங்களுக்குள் பெரிய சண்டையைக் கிளப்பிய விஷயம். மாமா ஒரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வாடகை வீடு. வீட்டுக்காரர் "எந்த ஆளுங்க?" என்று கேட்டபோது "நாங்க கே.ஜி.எஃப்." என்று சொல்லிவிட்டார். சாதியைக் கேட்டதற்கு ஊரைச் சொன்னார். இன்றுவரை அது ஓடுகிறது. எங்களிடம் சொன்னார்: "எடுங்க, வேணாங்கல. என் மூஞ்சி மட்டும் வரக் கூடாது. நீங்க படத்தப் போட்டுட்டுப் போயிடுவீங்க. வீட்டக் காலி பண்ணுன்னா பொண்டாட்டி புள்ளையோட நான் எங்க போறது?"

ஆயாவோ நேர் எதிர். "என் மூஞ்சியப் போடு. நான் எவன் வூட்டத் திருடினேன்?" என்றது.

எங்களில் ஒருவர் வாதாடினோம்: முகத்தை மறைத்தால் நாம் வெட்கப்படுவதாக ஆகாதா? யாஷிகா தத் தன் சாதியை வெளிப்படையாக அறிவித்து 2019-இல் புத்தகமே எழுதவில்லையா? திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்து, திரையிடலுக்குத் தடையும் வழக்கும் மிரட்டலும் வந்தபோது பின்வாங்கினாரா? இன்னொருவர் கேட்டோம்: அவர்கள் தங்கள் பெயரில், தாங்களே முடிவு செய்து வந்தார்கள். மாமாவுக்காக முடிவு செய்ய நாம் யார்?

இது வெறும் வாடகை வீட்டுப் பயம் மட்டுமல்ல. 2018 நவம்பரில், ஓசூர் பக்கத்தில் சாதி மறுத்து மணந்த இளம் தம்பதி கடத்திக் கொல்லப்பட்டு, உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. சாதிவெறிக்கு மாநில எல்லை தெரியாது என்பதை இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிவார்கள். மாமாவின் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

கடைசியில் எடுத்த முடிவு இது. வெளிவந்தால் யாருக்கு நட்டமோ அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. மாமாவின் குரல் வரும், முகம் வராது. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவை மூடும் கை மட்டும் வரும். படத்தை வெளியே காட்டுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். 'இதை எடுத்துவிடு' என்றால் எடுத்துவிடுவோம், காரணம் கேட்க மாட்டோம். மறைத்தோம் என்பதையும் படத்திலேயே சொல்வோம். அந்த முகம் ஏன் இல்லை என்று பார்ப்பவர் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டியது மாமா இல்லை.

மாணவத் தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு ஆயா இருக்கும், ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். நல்ல கேமரா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் காகிதங்களைப் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஆயா பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். கன்னடம் கலந்து பேசினால் திருத்தாதீர்கள். 'சொந்த ஊர் எது' என்பதோடு நிறுத்தாமல், 'அந்த ஊரில் நம் தெரு எங்கே இருந்தது' என்றும் கேளுங்கள். பயப்படுகிறவரின் பயத்தையும் பதிவு செய்யுங்கள், அவர் அனுமதித்த அளவுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் இருபது நிமிடத்தை வீட்டில் போட்டுக் காட்டினோம். அத்தை தண்ணீர் வாங்கிய இடம் வந்தபோது ஆயா எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தது. யாரும் எதுவும் பேசவில்லை. மாமா மட்டும், "என் குரல் கொஞ்சம் கம்மியா கேக்குது, ஏத்தி வெய்யி" என்றார்.

ஏற்றி வைத்திருக்கிறோம்.

ஜெய் பீம்.