ஓடுற வரைக்கும் ஓடட்டும்!

திருநெல்வேலி - தென்காசி ரோட்டில் பாவூர்சத்திரம் வழியாகப் போய் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ரோட்டோரம் ஒரு பழைய கார். பானெட் திறந்து கிடக்கும். சுற்றி நாலு பேர். ஒருவர் 'பேட்டரி வீக்கு' என்பார். இன்னொருவர் 'பெட்ரோல் வரல' என்பார். மூன்றாமவர் 'தள்ளிப் பாத்துருவோம் அண்ணாச்சி' என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார். சீசன் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். குற்றாலத்தில் குளிக்கக் கிளம்பிய குடும்பம் துண்டும் சோப்புமாக மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்.

அப்படி நிற்கிற வண்டிகளில் சிலவற்றில் அறுந்திருப்பது டைமிங் பெல்ட். 'கண்ணு பட்டுருச்சு', 'நேரம் சரியில்ல' என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கண்ணும் இல்லை, நேரமும் இல்லை. செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப் போட்டதன் பலன், அவ்வளவுதான்.

இன்ஜினுக்குள் கீழே கிராங்க் ஷாஃப்ட் பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. மேலே கேம் ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைப் பிசகாமல் பார்த்துக்கொள்வது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் வந்த ஏற்பாடு இது. எடை குறைவு, சத்தம் குறைவு, விலையும் குறைவு. ஒரே குறை, அதற்கு ஆயுள் உண்டு.

பி.எம்.சி. இன்ஜின் பூட்டிய பழைய அம்பாசடரை ஓட்டிய தலைமுறைக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதில் இருந்தது சங்கிலி. 1983-ல் மாருதி 800 வந்தது, 1998-ல் சான்ட்ரோவும் இண்டிகாவும் வந்தன. பெல்ட்டும் நம் ஊருக்குள் வந்துவிட்டது. ஆனால் பெல்ட்டை மாற்ற வேண்டும் என்கிற பழக்கம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பிறகு வந்த பல மாடல்கள் மீண்டும் சங்கிலிக்குப் போய்விட்டன. அதனால் இன்று இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கை மாறிய பழைய வண்டி வைத்திருப்பவர்களுடையது. அதாவது, செலவைத் தாங்க முடியாதவர்களுடையது. கோபம் வர வேண்டிய இடம் இதுதான்.

சொல்கிற சாக்குகளைப் பார்ப்போம்.

'பாத்தா நல்லாத்தான் இருக்கு.' பட்டையின் பலம் உள்ளே ஓடும் கண்ணாடி இழையில் இருக்கிறது. அது களைத்துப்போனது வெளியே தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. விரிசல் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். தெரியாவிட்டால் நல்ல பெல்ட் என்று அர்த்தமில்லை.

'வண்டி ஓடவே இல்லையே.' ரப்பருக்கு மீட்டர் படிக்கத் தெரியாது. இன்ஜின் சூட்டிலும் வயதிலும் அது கெட்டியாகிக்கொண்டே போகும். அதனால்தான் கம்பெனிகள் கிலோமீட்டரோடு வருடக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கின்றன. இரண்டில் எது முதலில் வருகிறதோ, அதுதான் கெடு.

'பெல்ட்டு போன வருசம்தான் மாத்துனேன்.' மாற்றியது பேன் பெல்ட்டாக இருக்கும்! அது வெளியே தெரியும். டைமிங் பெல்ட் மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

'செலவு ஜாஸ்தி.' பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. பல இன்ஜின்களில் திறந்தபடி நிற்கும் வால்வு மீது பிஸ்டன் போய் இடிக்கும். டீசல் இன்ஜினில் இடைவெளி மிகக் குறைவு என்பதால் வால்வு வளையாமல் தப்பினால் அதிர்ஷ்டம். அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டும், வால்வு, கேஸ்கெட், லேத் வேலை, கூலி. பெல்ட் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு. இதுவா சிக்கனம்?

காசை விடுங்கள். புளியரை தாண்டி ஆரியங்காவு மலை ஏறும்போது இன்ஜின் செத்தால் என்ன ஆகும்? பிரேக் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, காருக்குள் குழந்தைகள்.

அறுந்ததைக் கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. செல்ஃப் அடித்தால் இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றும். அந்தச் சத்தம் கேட்டால் மறுபடி அடிக்காதீர்கள், தள்ளவும் தள்ளாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் வால்வுக்கு இன்னொரு அடி. கேம் சுழற்றும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் ஸ்பார்க்கும் வராது. இது தெரியாமல் பிளக்கும் காயிலும் மாற்றிக் காசை வாங்குகிற பட்டறைகள் உண்டு. மேல் மூடியின் நாலு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துபோகிற விஷயம்!

பட்டறைகளுக்கும் ஒரு வார்த்தை. பெல்ட்டை மட்டும் மாட்டிவிட்டுப் பழைய டென்ஷனர் பேரிங்கை அப்படியே விடுவது பாதி வேலை. ஆயில் சீல் கசிந்தால் புது பெல்ட்டும் ஊறிப் போகும். வாட்டர் பம்ப்பை அதே பெல்ட் ஓட்டும் வண்டியில் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குறிகளை ஒன்றுசேர்த்து மாட்டிய பிறகு, ஸ்பானர் போட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறி மறுபடி சேருகிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலே வண்டி இழுக்காது.

அரசு காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். 15 வருடம் ஆன காரை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோனால் விளக்கு, ஹாரன், பிரேக், புகை எல்லாம் பார்ப்பார்கள். டைமிங் பெல்ட் அந்தப் பட்டியலில் இல்லை. வழக்கமான இன்சூரன்சும் தேய்மானத்தால் வரும் இன்ஜின் பழுதுக்குப் பணம் தராது. வண்டியை விற்கிறவரோ சீட் கவரைக் காட்டுவாரே தவிர பெல்ட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

ஆகவே பழைய கார் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'மைலேஜ் எவ்வளவு?' அல்ல. 'பெல்ட் எப்ப மாத்துனீங்க, பில் இருக்கா?' பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி மூடி மேலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்து வாங்குகிறவராவது பிழைத்துப்போகட்டும்.

காய்கறி மார்க்கெட் உள்ள ஊருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே பளபளப்பாக இருக்கிறதே என்று நம்பி நேற்றைய தக்காளியை யாரும் மூட்டையோடு வாங்குவதில்லை. பெல்ட்டுக்கு மட்டும் ஏன் 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்'?