திரையிலே விண்கலம்! திரைக்குப் பின்னே யார்?

விண்மீன்கள் வெடிக்கின்றன! வேற்றுக் கிரகத்துக் கலங்கள் வானத்தைக் கிழித்துக்கொண்டு இறங்குகின்றன! மலையளவு உயர்ந்த இயந்திர மனிதன் மாநகரத்தையே மிதித்து நசுக்குகிறான்! கொட்டகை அதிர்கிறது, கைதட்டல் கூரையைப் பிளக்கிறது, விசில் ஓசை செவியைத் துளைக்கிறது.

புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய் இப்படியொரு விஞ்ஞானக் கற்பனைப் படத்தைப் பார்த்துவிட்டுக் குடுமியான்மலைக்குத் திரும்புகிற தோழன், மறுநாள் தேநீர்க் கடையிலே அதைப்பற்றித்தான் பேசுகிறான். "எத்தனை கோடி செலவாம், தெரியுமா?" என்கிறான். "தலைவர் பறந்தாரே, பார்த்தாயா?" என்கிறான். கோடியைக் கேட்டான், பறந்தவரைக் கேட்டான். பறக்க வைத்தவன் யார் என்று மட்டும் கேட்கவில்லை!

அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் கேட்கப்போகிறோம், தோழர்களே!

படம் பார்ப்பது குற்றம் என்று சொல்ல வரவில்லை. பகலெல்லாம் பாடுபட்டவனுக்கு இரண்டரை மணி நேரம் விண்வெளியில் உலவிவர உரிமை உண்டு. வியப்பதும் தவறல்ல. கேள்வி கேட்கிற வியப்பு அறிவைப் பெறும். கேள்வி கேளாத வியப்பு மூடத்தனத்தைப் பெறும். மின்னலைக் கண்டு வியந்தவன் கேள்வி கேட்டான்; மின்சாரம் வந்தது. கேளாதவன் விழுந்து கும்பிட்டான். விழுந்த இடத்திலேயே கிடந்தான். அட்டையில் வரைந்த நடிகருக்குக் குடம் குடமாகப் பாலை ஊற்றுகிறார்களே, அதுவும் கேள்வி கேளாத வியப்பின் பிள்ளைதான்!

தமிழ்த் திரைக்கு விண்வெளிக் கனவு நேற்று வந்ததல்ல. 1963-ஆம் ஆண்டிலேயே வந்தது 'கலை அரசி'. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள், ஏ.காசிலிங்கம் இயக்கினார். வேற்றுக் கிரகத்தார் பறக்கும் கலம் ஏறிப் பூமிக்கு வருகிறார்கள். பொன்னைத் தேடியா? இல்லை. பொருளைத் தேடியா? இல்லை. பாடத் தெரிந்த ஒருத்தியைத் தேடி! அவர்களிடம் விஞ்ஞானம் வளர்ந்திருந்தது, கலை வளரவில்லை. ஆகவே பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள். காதலன் விண்ணேறிப் போய் மீட்கிறான். கணிப்பொறி வித்தை எட்டாத காலம் அது. பலகையும் சாயமும் கேமரா தந்திரமும்தான் கருவிகள். அவற்றைக்கொண்டே ஒரு கிரகத்தைப் படைத்துக் காட்டினார்கள்.

அதே 1963-இல், நவம்பர் 21-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் உண்மையாகவே விண்ணேறியது. மீனவர் குப்பத்து மாதா கோயில்தான் விஞ்ஞானிகளின் அலுவலகம். ராக்கெட்டின் தலைப்பாகத்தைச் சைக்கிளிலே வைத்துத் தள்ளிச் சென்ற புகைப்படம் இன்றும் இருக்கிறது. விண்ணுக்குப் போகிற எதுவும் முதலில் ஒரு மனிதனின் கையைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதற்கு அந்தச் சைக்கிளைவிடச் சாட்சி வேண்டுமா?

திரையிலே ஏறும் விண்கலத்துக்கும் அதுதான் விதி. 'கிராபிக்ஸ்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஏதோ பொத்தானை அமுக்கினால் பூதம் வந்து செய்துவிடுவதைப் போல! கணக்கைப் பாருங்கள். ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடினால்தான் திரையில் உருவம் அசையும். ஒரு நிமிடத்துக்கு 1,440. இரண்டரை மணிப் படத்துக்கு 2,16,000. நடிகர் பறக்கிறார் என்றால், உண்மையில் அவர் பச்சைத் துணிக்கு முன்னால் கம்பியிலே தொங்குகிறார். அந்தக் கம்பியை ஒவ்வொரு படமாக அழிக்கவேண்டும். முடியின் ஓரத்தை, விரலின் ஓரத்தை, ஒவ்வொரு படமாக வெட்டி எடுக்கவேண்டும். பச்சைத் துணி இருந்த இடத்திலே வானத்தை வைக்கவேண்டும். வானத்துக்கு ஏற்ற வெளிச்சத்தை முகத்திலே பூசவேண்டும். நாம் கண் சிமிட்டும் நேரத்தில் கடந்துபோகும் காட்சிக்காக ஒருவன் கண் எரிய நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். சென்னையில், ஐதராபாத்தில், மும்பையில், பெங்களூரில் அந்த உழைப்பாளிகள் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களின் வெட்டும் வேலையும் அழிக்கும் வேலையும் கப்பலேறாமலே நம் நாட்டுக்கு வந்து சேருகின்றன. வருவது நம் மீது கொண்ட காதலாலா? கூலி குறைவு என்பதால்!

அந்த உழைப்பாளிக்குக் கிடைத்த மரியாதை என்ன?

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 24. ஆஸ்கர் விழா. புதுச்சேரிப் பையனும் புலியும் நடுக்கடலில் தவிக்கும் 'லைஃப் ஆஃப் பை' படம் காட்சி வித்தைக்கான விருதைப் பெறுகிறது. இது விண்வெளிக் கதையல்ல. ஆனால் விண்கலம் படைக்கும் அதே கைகளே இந்தப் புலியையும் படைத்தன. அந்தப் புலிக்கு உயிர் கொடுத்த 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்' நிறுவனம், விழாவுக்குச் சில நாள் முன்புதான் திவால் மனு கொடுத்திருந்தது. உள்ளே பரிசு, வெளியே வேலையிழந்தோரின் ஆர்ப்பாட்டம்! மேடையேறியவர் அந்த நிறுவனத்தின் துயரத்தைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லி முடிக்கவிட்டார்களா? சுறாமீன் படத்தின் இசையை முழக்கினார்கள், ஒலிபெருக்கியை அடைத்தார்கள். வேற்றுக் கிரகத்தான் இசையைத் தேடிப் பூமிக்கு வந்தான் 'கலை அரசி'யிலே. பூமியில் இருப்பவனோ, உழைப்பாளியின் குரலை அமுக்க அதே இசையைப் பயன்படுத்தினான்!

அது பழைய கதை என்பீர்களா? 2025 பிப்ரவரியைப் பாருங்கள். டெக்னிகலர்! நம் பெற்றோரும் பாட்டன்மாரும் திரையிலே எழுத்துக் கூட்டிப் படித்த பெயர். 1915-இல் பிறந்து, சினிமாவுக்கு வண்ணம் தந்த நிறுவனம். அதன் கிளை உழைத்த 'முஃபாசா' படம் 2024 டிசம்பரில்தான் உலகெங்கும் திரையேறியது. இரண்டே மாதத்தில் நிறுவனம் சரிந்தது. பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர்.

வெற்றிப் படத்தின் நிழலிலே வேலையிழப்பு; இது எப்படி? காரணம் மாயமல்ல. இத்தனை காட்சிக்கு இத்தனை தொகை என்று முன்கூட்டியே பேசி முடித்து வேலையைக் கொடுக்கிறார்கள். பிறகு "சிறகை மாற்று, நெருப்பைக் கூட்டு" என்று பத்து முறை திருத்தம் சொன்னாலும் தொகை ஏறுவதில்லை. இரவு வேலை ஏறுகிறது. ஒரு கடை மறுத்தால் அதைவிடக் குறைந்த விலைக்கு இன்னொரு கடை காத்திருக்கிறது. எந்த நாட்டு அரசாங்கம் வரிச்சலுகை தருகிறதோ, அந்த நாட்டுக்கு முதலாளி மூட்டை கட்டுகிறான். நட்சத்திரத்துக்கு லாபத்தில் பங்கு உண்டு. விண்மீனைப் படைத்தவனுக்குப் பங்கில்லை! இப்போது செயற்கை அறிவு இயந்திரம் வேறு வாசலில் வந்து நிற்கிறது. இயந்திரத்தை நாம் பகைக்கவில்லை. அது குறைக்கப்போவது உழைப்பின் சுமையையா, உழைப்பாளியின் தொகையையா? அதைத்தான் கேட்கிறோம்.

"படம் ஓடினால்தானே கூலி? போட்ட பணம் போனால் முதலாளி என்ன செய்வான்?" என்று கேட்பார் சிலர். சரி, ஓடாத படத்துக்கு அந்த வாதம் பொருந்தட்டும். ஓடிய படத்துக்கு? பரிசு பெற்ற படத்துக்கு? நட்டத்திலே பங்கு கேட்கத் தெரிந்த நாவுக்கு, லாபத்திலே பங்கு பேச மட்டும் வார்த்தை வரவில்லையே!

வழி இல்லாமலா போயிற்று? 2023 செப்டம்பரில், அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்துக் காட்சிக் கலைஞர்கள் சங்கம் வேண்டும் என்று ஓட்டுப்போட்டார்கள். எதிர்த்து ஓர் ஓட்டுக்கூட விழவில்லை. வானத்து வீரர்களைப் படைத்தவர்கள், வானத்திலிருந்து வீரன் வந்து காப்பாற்றுவான் என்று காத்திருக்கவில்லை, ஒன்று சேர்ந்தார்கள்.

குடுமியான்மலைத் தோழர்களுக்கு இது வேற்றூர்ச் சேதியல்ல. உங்கள் ஊர்க் குன்றிலே, மேலைக்கோயில் குடைவரையின் பக்கத்துப் பாறையிலே, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மூத்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. பாட்டைத் தேடி வேற்றுக் கிரகத்தான் வந்தால் இறங்கவேண்டிய ஊர் குடுமியான்மலைதான்! கிரந்த எழுத்திலே, ஏழு பகுதியாக, சுரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கடைசியில் தமிழ் வரியும் உண்டு. உருத்திராச்சாரியாரின் மாணவனான ஓர் அரசன், மாணவர் நன்மைக்காகச் செய்தான் என்று கல் சொல்கிறது. எந்த அரசன்? மகேந்திரவர்ம பல்லவன் என்பர் சிலர். அல்ல என்று மறுப்பர் சிலர். வழக்கு நடக்கிறது. ஆனால் அந்த வெயிலிலே, அந்தக் கரும்பாறையிலே, ஒரு புள்ளி பிசகாமல் உளி பிடித்தானே ஒருவன், அவனுக்காக வழக்காட ஆளில்லை. பெயர் இருந்தால்தானே வழக்கு!

கல்வெட்டிலே தொலைந்த பெயர் தொலைந்ததுதான். திரையிலே பெயர்கள் இன்னும் ஓடுகின்றன. படம் முடிந்ததும், சின்னஞ்சிறு எழுத்திலே, வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில் மேலேறிப் போகின்றன. அப்போது நாம் என்ன செய்கிறோம்? செருப்பைத் தேடுகிறோம், கதவை நோக்கி ஓடுகிறோம், பஸ்ஸைப் பிடிக்கப் பறக்கிறோம்.

தோழனே! அடுத்த முறை ஐந்து நிமிடம் உட்கார். அந்தப் பெயர்களைப் படி. நம் ஊர்ப் பெயர்கள் அதிலே இருக்கும். விவசாயி வீட்டுப் பிள்ளையும் நெசவாளி வீட்டுப் பெண்ணும் இருப்பார்கள். பக்கத்திலே இருக்கும் உன் மகனுக்கும் மகளுக்கும் காட்டு. "இது எப்படிச் செய்தார்கள், அப்பா?" என்று பிள்ளை கேட்டால், "பேசாமல் வா" என்று அதட்டாதே, தெரிந்ததைச் சொல். "செய்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்கிற கேள்வியையும் சேர்த்துக் கற்றுக்கொடு.

நாயகனுக்குத் தட்டிய கையை, பெயர்ப் பட்டியல் முடியும்போது இன்னொரு முறை தட்டு. கடன் பாக்கி அது!