கோடைக்கால ஆராய்ச்சியும் மாணாக்கரும்

விஞ்ஞானக் கல்வி பற்றி நம்மிடையே நிகழும் விவாதங்களிற் பெரும்பாலானவை பாடத்திட்டம், பரீட்சை, போதனாமொழி என்னும் மூன்றையே சுற்றிச் சுழல்கின்றன. மாணாக்கன் ஒருவன் பட்டம் பெறுமுன்னர், எவரும் விடை காணாத வினா ஒன்றினை ஒருமுறையேனும் எதிர்ப்பட வேண்டுமா என்னும் கேள்வி அவ்விவாதங்களில் எழுவது அரிது. ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இக்கேள்விக்குப் பல்லாண்டுகளாக ஒரு விடை அளிக்கப்பட்டு வருகின்றது. பட்டப்படிப்பு மாணாக்கரைக் கோடை விடுமுறையில் எட்டு அல்லது பத்து வாரங்களுக்கு, உதவிப்பணமும் கொடுத்து, ஆய்வுகூடங்களில் அமர்த்தும் முறையே அது. அம்முறையை நான் பெரிதும் மதிக்கின்றேன். ஆயினும் அதனைப் போற்றுவோர் வழக்கமாகக் கூறும் காரணங்கள் எனக்கு உடன்பாடானவை அல்ல.

வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1957 ஆம் ஆண்டு மே மாதத்தில், போலறொயிட் கமெராவை ஆக்கிய எட்வின் லான்ட், மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பெருஞ்செயல் புரியவேண்டும் என்னும் கனவோடு பல்கலைக்கழகம் புகும் இளைஞனை விரிவுரைகளும் பரீட்சைகளும் சோர்வடையச் செய்கின்றன; ஆதலின் முதலாம் ஆண்டிலேயே அவனுக்குச் சொந்தமானதோர் ஆராய்ச்சி வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வாண்டு ஒக்ரோபரிலேயே ஸ்புட்னிக் விண்ணேறியது. வாதத்துக்கு அசையாத அரசாங்கப் பணப்பை அச்சத்துக்கு அசைந்தது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனம் 1950களின் இறுதியில் மாணாக்கரின் ஆராய்ச்சிக்குப் பணம் வழங்கத் தொடங்கிற்று. ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் 1962 இல் தனது கோடை மாணாக்கர் திட்டத்தை ஆரம்பித்தது. லான்டின் எண்ணத்தை அவர் பேசிய அதே கழகத்தில் 1969 இல் நடைமுறைப்படுத்தியவர் மாகிறற் மக்விக்கார் என்னும் இளம் பௌதிகவியலாளர். கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தின் கோடைத் திட்டம் 1979 இற் பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்ட அரசாங்கத் திட்டமும் 1987 இல் வேறு பெயருடன் மீண்டது.

இத்திட்டங்களுக்காக வாதாடுவோர் முதலில் எடுத்துக்காட்டுவன மாணாக்கர் செய்த கண்டுபிடிப்புக்களையே. அவ்வாறு காட்டத்தக்கவை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி 2001 இற் பதிவுசெய்த தரவுகள் ஆண்டுக்கணக்காகச் சேமிப்பிற் கிடந்தன. அவற்றை மீண்டும் துருவி ஆராயும் பணியை, வெஸ்ற் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து வானியலாளர் டங்கன் லொறிமர், இன்னும் பட்டம் பெறாத டேவிட் நார்க்கெவிக் என்னும் மாணாக்கரிடம் ஒப்படைத்தார். ஒரு செக்கனின் இருநூறில் ஒரு பங்கு நேரந்தானும் நீடியாத, ஆனால் மிகுந்த வலுவுள்ள ஒரு வானொலித் துடிப்பு அங்கே அகப்பட்டது. 2007 இல் வெளியான கட்டுரையில் அம்மாணாக்கரின் பெயரும் இடம்பெற்றது. பின்னர் இதே தொலைநோக்கியில் இதனை ஒத்த வேறு சில துடிப்புக்கள் தென்பட, அனைத்தும் பூமியில் எழுந்த இரைச்சலே எனப் பலர் ஐயுற்றனர். அந்தப் போலித் துடிப்புக்கள், நுண்ணலை அடுப்பு நிற்குமுன் எவரோ அதன் கதவைத் திறந்ததனால் உண்டானவை என்பது 2015 இல் வெளியாயிற்று. முதலிற் கண்ட துடிப்போ உண்மையாக வானிலிருந்து வந்தது. அதன் இனத்தவை இன்று நூற்றுக்கணக்கில் அறியப்பட்டுள்ளன.

கேட்க இனிய கதைதான். எனினும் இதனைக் காட்டி இளைஞரை ஆய்வுகூடத்துக்கு அழைப்பது, பரிசு விழுந்தவனின் படத்தைப் போட்டு லொத்தர்ச் சீட்டு விற்பதை ஒக்கும். பத்து வாரங்களில் வானத்தைப் புதிதாகக் காண்போர் ஆயிரத்தில் ஒருவரும் இலர். எஞ்சிய அனைவருக்கும் அக்கோடை வீணாயிற்று என்று சொல்லிவிடலாமா?

என்னிடம் பௌதிகம் பயின்று, பின்னர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றிற் பொறியியல் கற்கச் சென்ற மாணாக்கன் ஒருவன் தனது கோடை அனுபவத்தை எனக்கு விரிவாக எழுதியிருந்தான். மெல்லிய உலோகப் படலங்களை உண்டாக்கும் வெற்றிடக் கலம் ஒன்றில் அவனுக்கு வேலை. முதல் வாரத்திலேயே கலத்தின் அமுக்கம் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்க மறுத்தது. எங்கோ காற்றுக் கசிகின்றது. பொருத்துக்கள்தோறும் ஈலியம் வாயுவைச் சிறிது சிறிதாகப் பீய்ச்சி, உட்புகும் ஈலியத்தைக் கருவியொன்றால் உணர்ந்து கசிவிடத்தைக் காண்பது அத்துறையினரின் வழக்கம். ஈலியம் காற்றினும் இலேசானது, மேல்நோக்கிப் பரவும். ஆகவே சோதனையை உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வரவேண்டும். இதனை அவன் எந்நூலிலும் படித்தவனல்லன். கீழிருந்து தொடங்கி, எங்கும் கசிவதுபோன்ற தோற்றத்தைக் கண்டு மயங்கி, இரண்டு வாரங்களை இழந்தபின்னரே அறிந்துகொண்டான். ஏழாம் வாரத்தில், ஓர் இறப்பர் வளையத்தின்மீது கிடந்த ஒற்றை மயிர் அகப்பட்டது. எஞ்சிய மூன்று வாரங்களில் இரண்டு வரைபுகளுக்குப் போதிய அளவீடுகள் கிடைத்தன.

கோடை முடிவில் ஒவ்வொரு மாணாக்கனும் தன் ஆராய்ச்சியை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, வருவோர்க்கு விளக்கவேண்டும். அவன் அந்த மயிரின் கதையையும் எழுத விரும்பினான். அது விஞ்ஞானம் அன்று எனக் கூறி, மேற்பார்வையாளர் அதனை நீக்கிவிட்டார். வரைபுகள் இரண்டும் சுவரேறின.

இங்கேதான் எனக்குச் சினம் பிறக்கின்றது. அவ்விரு வரைபுகளையும் அந்த ஆய்வுகூடத்தில் எவரும் வரைந்திருப்பர். ஐயத்தைப் பகுத்து, ஒவ்வொரு பொருத்தாகக் கழித்து, தன் முறையே பிழையாக இருக்கலாமென உணர்ந்து திரும்பி வந்த அந்த ஏழு வாரங்களே அவன் பெற்ற கல்வி. நமது செய்முறை வகுப்புக்களில் விடை முன்னரே தெரியும். மாணாக்கன் பெறும் எண் அதனோடு ஒவ்வாவிடின் எண்ணைத் திருத்திக்கொள்கின்றான். ஆசிரியராக இருப்போர் இதனை அறிவர். அத்தகைய திருத்தத்துக்கு இடமேயில்லாத ஓரிடத்தில் ஒரு கோடையைக் கழித்தவன், இது எனக்குரிய தொழிலன்று எனத் துணிந்து வெளியேறினும் பயன் பெற்றவனே.

ஆதலால் இவ்வாய்ப்பு யாருக்குக் கிடைக்கின்றது என்பது பெரிய வினாவாகின்றது. உயர்ந்த புள்ளிகளும், பேராசிரியர்தம் பரிந்துரைகளும், முன் அனுபவமும் உடையவனைத் தெரிவது எளிது. அவன் இத்திட்டம் இன்றியும் ஆராய்ச்சியாளன் ஆகியிருப்பான். அமெரிக்க அரசாங்கத் திட்டத்தின் விதிகள் இதனை ஓரளவு உணர்ந்துள்ளன. ஆராய்ச்சி வசதி குறைந்த கல்லூரிகளிலிருந்து மாணாக்கரைச் சேர்த்துக்கொள்ளுமாறு அவை வற்புறுத்துகின்றன. உதவிப்பணமும் இக்காரணத்தாலேயே இன்றியமையாதது. அஃதில்லையேல், கோடையிற் கடையில் நின்று உழைத்து அடுத்த தவணைக்குப் பணம் சேர்க்கவேண்டிய பிள்ளை ஆய்வுகூடத்து வாயிலையும் மிதியான். அப்பணத்தை அமெரிக்கக் குடிகளும் அங்கு நிரந்தர வதிவுரிமை பெற்றோருமே பெறலாம் என்பது நம்மவர் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. என் மாணாக்கனுக்குப் பணம் வேறு நிதியிலிருந்தே கிடைத்தது. ஜெனீவாவிலோ உறுப்புரிமை இல்லாத நாடுகளின் மாணாக்கரும் சேர்க்கப்படுகின்றனர்.

இத்தகைய திட்டங்களால் விளையும் நன்மை அளந்து காட்டப்பட்டுள்ளதா என்று கேட்பவரையும் நான் குறைகூறேன். இவை பற்றிய ஆய்வுகளை 2015 இல் மதிப்பிட்டவர்கள், அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை மாணாக்கர் தம்மைப்பற்றித் தாமே கூறியவற்றையே நம்பியிருந்தன எனக் கண்டனர். நியாயமான குறையே. ஆயினும் நன்றாக அளக்கப்படவில்லை என்பது வேறு, நன்மையே இல்லை என்பது வேறு. 2025 இல் அமெரிக்காவில் நிதி நிச்சயமின்மையால் இத்தகைய கோடைத் திட்டங்கள் சில கைவிடப்பட்டபோது, அதற்குக் காரணம் அளவீட்டின் குறைபாடு அன்று. பணம் வருமா வராதா என்பதே.

பிறநாட்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பரிந்துரை வேண்டி என்னிடமும் வருவதுண்டு. முன்னெல்லாம் வகுப்பில் இன்ன இடம், இன்ன புள்ளி என்று எழுதுவேன். இப்போது, செய்முறை பிழைத்தபோது அப்பிள்ளை என்ன செய்தது என்பதை ஒரு பக்கம் எழுதுகின்றேன். சென்ற ஆண்டு அவ்வாறு எழுதிய கடிதமொன்றுக்கு மறுமொழி வந்தது. கடிதத்துக்கு நன்றி கூறி, வகுப்பில் மாணவியின் நிலை எத்தனையாவது என்று கேட்டிருந்தார்கள். பதினொன்றாவது என எழுதி அனுப்பினேன்.