தண்ணீர் அடிக்காத கண்ணாடி

இலக்கியம் பேசுவதற்கென்று கூடிய இடத்தில் காரின் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற கருவியைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. கதை, கவிதை, விமர்சனம் என்ற மூன்று திண்ணைகளைத் தாண்டி நாம் இறங்குவதே அபூர்வம். ஆனால் சென்ற ஐப்பசியில் போடிமெட்டு மலைச்சாலையில் எங்களுக்கு நேர்ந்ததற்குப் பிறகு, இதை எழுதாமல் அடுத்த நாவல் விமர்சனத்துக்குப் போவது நேர்மையாகாது என்ற முடிவுக்கு வந்தோம். வாசக நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

பொட்டிபுரத்தில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு பகல் தங்கியிருந்தோம். அந்த ஊர்ப்பெயரைப் பத்திரிகை படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்குள்ள மலையைக் குடைந்து, 50,000 டன் காந்த இரும்பை அடுக்கி நியூட்ரினோ ஆய்வகம் அமைப்பதற்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பும் வழக்குமாக ஆண்டுகள் ஓடி, அனுமதிக்க இயலாது என்று தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அந்த விவாதத்துக்குள் இப்போது நுழையப் போவதில்லை. மலையின் கிழக்குச் சரிவில், மழைமறைவில் கிடக்கிற ஊர் அது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். புழுதி அதிகம். மாலையில் புறப்பட்டபோது கண்ணாடி முழுவதும் செம்மண் பூத்திருந்தது. அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

போடியிலிருந்து முந்தல் தாண்டி மலையேறுகிற சாலை கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைத்த பழைய தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. முன்பு 49, இன்று 85. போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் தூறல் பிடித்தது. காய்ந்த புழுதியின்மேல் தூறல் விழுந்தால் கண்ணாடியில் நிற்பது தண்ணீரல்ல, சேறு. வைப்பரை ஓட்டினால் அந்தச் சேற்றை இடமிருந்து வலமாக மெழுகும். மெழுகிய பிறகு வெளியே தெரிவது மெழுகுவதற்கு முன் தெரிந்ததைவிடக் குறைவு. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி, பிறகு துடைப்பதற்காகத்தான் அந்தக் கருவி காரில் இருக்கிறது. நெம்பை இழுத்தோம். பானெட்டுக்குள் மோட்டார் முனகியது. தண்ணீர் வரவில்லை. குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு ஏறிவிட்டோம். அன்றிரவு மேலே தங்கியபோது அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. இரவு பன்னிரண்டு மணிவரை பேசியது மொழிபெயர்ப்பின் சிக்கல்களைப் பற்றி.

மறுநாள் காலை இறங்கினோம். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகள் சாரிசாரியாக மேலேறுகிற நேரம். கீழிறங்குகிறவனுக்கு முகம் கிழக்கே. புதிதாக எழுந்த வெயில் நேராகக் கண்ணில். ஒரு வளைவில் எதிரே வந்த ஜீப்பின் சக்கரம் குழியில் இறங்கி, தேங்கியிருந்த செந்நீரை எங்கள் கண்ணாடியில் அள்ளி வீசியது. அதன்மேல் வெயில் பட்டதும் கண்ணாடி முழுவதும் ஒரே மஞ்சள் ஒளித்திரை. சாலையும் இல்லை, ஜீப்பும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. மூன்று நொடியோ நான்கு நொடியோ. ஓட்டிய நண்பர் பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தபோது, ஜீப்பின் பின்பகுதியில் தூக்குவாளிகளோடு நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மலையில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவரின் கடமை. நாங்கள் நின்றிருந்தது அவர்களுடைய பாதியில். ஜீப் ஓட்டுநர் திட்டவில்லை. "கண்ணாடியத் தொடச்சுட்டு வாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கார் அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்குப் போய் வந்திருந்தது. பெயர் வேண்டாம். தண்ணீர் அடிப்பதில்லை என்று அப்போதே சொல்லியிருந்தோம். தொட்டியும் பம்ப்பும் சேர்ந்த முழு 'அசெம்ப்ளி'யை மாற்ற வேண்டும், உதிரிபாகம் வரவழைக்க வேண்டும் என்றார்கள். நான்கு இலக்கத் தொகை. கண்ணாடி கழுவுவதற்கு இவ்வளவா என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிழையில் எங்கள் பங்கை மறைக்கவில்லை.

போடியில் ஒரு வேப்பமரத்தடிப் பட்டறையில் நிறுத்தினோம். அங்கிருந்த மெக்கானிக்குக்கு இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. "இழுங்கண்ணே" என்றார். மோட்டார் முனகியது. "மோட்டார் உசுரோடதான் இருக்கு, அதத் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார். தொட்டியில் தண்ணீர் இருந்தது. கண்ணாடிக்கு அருகே ரப்பர்க்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் கழற்றிவிட்டு மறுபடி இழுக்கச் சொன்னார். அங்கேயும் தண்ணீர் இல்லை. ஆகவே அடைப்போ கசிவோ அதற்கு முன்னால். குழாயை விரலால் தடவிக்கொண்டே பின்னோக்கிப் போனவர் பாட்டரியின் மறைவில் நின்றார். எலி கடித்திருந்தது. கடித்த இடத்தைச் சீவி எறிந்துவிட்டு, மீன்தொட்டிக்குக் காற்று ஏற்ற விற்பார்களே, அந்தக் குழாயில் ஒரு சாண் வெட்டி இணைத்தார். பிறகு ஊசியால் நாசில் துளைகளைக் குத்தி, நீர் விழுகிற இடத்தைக் கண்ணாடியின் நடுவுக்குத் திருப்பிவைத்தார். கால் மணி நேரம். அவர் கேட்ட கூலி ஒரு கவிதைத் தொகுப்பின் விலைக்கும் குறைவு.

அவர் செய்ததில் மந்திரம் எதுவுமில்லை. ஒலியைக் கேட்டு, வழியை இரண்டாக வெட்டி, குற்றம் எந்தப் பாதியில் என்று தேடினார். நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தைத் தேடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். கருவியும் எளிமையானதே. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதன் அடியில் ரப்பர் வளையத்தில் செருகிய சிறு மோட்டார், ஒரு குழாய், இரண்டு நாசில்கள். தானாக நீரை உறிஞ்சி மேலேற்றும் வலு அந்தப் பம்ப்புக்குக் கிடையாது. நீர் தானே இறங்கி வந்து நிரம்பட்டும் என்றுதான் அடியில் வைத்திருக்கிறார்கள். தொட்டி காலியாக இருக்கும்போது நெம்பை இழுத்துக்கொண்டே இருப்பது அதைக் கொல்வதற்குச் சமம். நீர்தான் அதற்குக் குளிர்ச்சியும் மசகும். மோட்டார் சத்தமே வராவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், யாரையாவது நெம்பை இழுக்கச் சொல்லி, பம்ப்பின் இணைப்பில் ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பைப் பிடித்துப் பார்க்கலாம். பல்பு எரிந்தால் குற்றம் பம்ப்பில். எரியாவிட்டால் நெம்பின் ஸ்விட்ச்சிலோ ஒயரிலோ. பம்ப் செத்திருந்தாலும் அதை மட்டும் தனியே உருவி மாற்றலாம். ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் புதியது வழுக்கிக்கொண்டு உட்காரும். இழுத்துச் சில நொடி கழித்தே தண்ணீர் வருகிறதென்றால், நீர் தொட்டிக்குத் திரும்பிவிடாமல் தடுக்கிற சிறு வால்வு பழுதாகியிருக்கக்கூடும். நாசிலில் வெள்ளை உப்புப் பொருக்கு தட்டியிருந்தால் அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கைங்கரியம். வினிகரில் ஊறவைத்தால் கரையும். பாத்திரம் கழுவுகிற சோப்பை ஊற்றுகிற வழக்கத்தையும் விட்டுவிடலாம். வெயிலில் அது கண்ணாடியில் கோடு கோடாகக் காயும், துளையையும் அடைக்கும்.

வெறுந்தண்ணீரிலும் ஒரு சங்கதி உண்டு. 2010இல் வெளியான இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறையினரின் ஆய்வு, லெஜியோனேர் நோய் என்கிற கடும் நிமோனியாவில் ஐந்தில் ஒரு பங்கு, கழுவுதிரவம் கலக்காத வாஷர் தண்ணீரோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று கணித்தது. என்ஜினின் வெதுவெதுப்பில் தேங்கிய நீர், நுண்துளியாகப் பீய்ச்சப்படுகிறது. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? கடையில் விற்கிற திரவத்தைக் கொஞ்சம் கலந்தால் தீர்ந்தது.

இதையெல்லாம் அறிந்த இளைஞர் வேப்பமரத்தடியில் இருக்கிறார்; அசெம்ப்ளியை மாற்று என்கிற கணினி குளிரறையில் இருக்கிறது. தற்செயலாக அமைந்ததல்ல இது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் முடக்கினார்கள் என்று, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பின்னர் மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுநீக்கும் உரிமை'க்கென ஓர் இணையதளம் திறந்தது. நல்லதுதான். ஆனால் அந்த இளைஞரின் தாய்மொழியில் அவர் வாங்கிப் படிக்கும்படியான ஒரு பழுதுநீக்கும் கையேட்டை எந்த நிறுவனமாவது அச்சிட்டு எங்கள் கண்ணில் பட்டதில்லை. மோட்டார் வாகன விதிகளும் (1989ஆம் ஆண்டின் 101ஆம் விதி) வைப்பர் செம்மையாக இயங்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. தண்ணீர் இல்லாத வைப்பர் மலைச்சாலையில் என்ன செய்யும் என்பதை மேலே சொன்னோம்.

கசப்பான பகுதிக்கு வருவோம். "எனக்கு இந்த மெஷின் சமாசாரமெல்லாம் தெரியாது" என்று நம் எழுத்தாளர்கள் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தொனிப்பதைக் கவனித்திருக்கிறோம். அதைக் கேட்டு நாங்களும் சிரித்திருக்கிறோம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழில் கலைக்களஞ்சியம் கொண்டுவந்த பெரியசாமித் தூரன் கவிஞர், கீர்த்தனைகள் இயற்றியவர். அறிவியல் கட்டுரைக்கும் கீர்த்தனைக்கும் நடுவே அவர் சுவர் எழுப்பவில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், சில சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டிய கைகளும் தமிழ்க் கைகளே. அந்தக் கைகளின் அறிவு நம் உரைநடையில் எத்தனை பக்கம் ஏறியிருக்கிறது? மாட்டுவண்டியின் கடையாணி பற்றி உருகி எழுதுகிறோம். கடையாணி பழசாகிவிட்டதால் அது இலக்கியம். நாசில் இன்னும் பழசாகவில்லை, பாவம்.

கண்ணாடி துடைக்கிற கருவியின் சரித்திரமும் அலட்சியத்தின் சரித்திரம்தான். பனிக்காலத்து நியூயார்க்கில், முன்கண்ணாடியைத் திறந்துவைத்து முகத்தில் பனி அறைய டிராம் ஓட்டியவரைப் பார்த்து, அலபாமாவின் மேரி ஆண்டர்சன் 1903இல் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். வாங்குவதற்கு ஆளில்லை, வணிக மதிப்பு இல்லை என்றார்கள். காப்புரிமை காலாவதியான பிறகே வைப்பர் எல்லாக் கார்களிலும் ஏறியது. இங்கே லாரி ஓட்டுநர்கள் மழையில் புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்த்துக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை.

கார்த்திகையில் மறுபடி அதே வழியாக மேலே போனோம். முந்தலில் நிறுத்தி, தொட்டியை நிரப்பி, ஒருமுறை இழுத்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் அடித்தது. இடது நாசில் மட்டும் சற்று உயரமாக அடித்துக் கூரையை நனைத்தது. ஊசி கையோடு இருந்ததால் கீழே திருப்பிவிட்டு ஏறினோம்.