அலுவல் இல்லாத ஒரு பயணம்



வன்னியிலிருந்து கொழும்புக்கு வருபவர்களிடம் "என்ன அலுவலாய் வந்தீர்கள்?" என்று கேட்பது எங்களுக்குப் பழகிவிட்டது. கடவுச்சீட்டு, வைத்தியசாலை, வழக்கு, காணாமற்போனவர் பற்றிய விசாரணை என்று ஏதாவது ஒன்று இருக்கும். கடந்த பாடசாலை விடுமுறையில் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு சகோதரியிடமும் அதையே கேட்டேன்.

"ஒரு அலுவலும் இல்லை மிஸ். பிள்ளையளுக்குக் கொழும்பைக் காட்ட வந்தனான்" என்றார்.

தன் தாய், பதினான்கு வயது மகள், பத்து வயது மகன் ஆகியோருடன் கொட்டாஞ்சேனையில் ஒரு விடுதியில் மூன்று நாட்கள் தங்கினார். விடியற்காலையில் பஸ் களனிப் பாலத்தைக் கடந்தபோதே அம்மம்மா அடையாள அட்டையைக் கையில் எடுத்துவிட்டாராம். இரவு அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுத்தார். "ஏன் அம்மம்மா?" என்று பேத்தி கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றினார்கள். கடவுச்சீட்டு எடுக்க வந்திருந்த இந்தத் தாயும் மகளும் அவர்களுள் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், மறுநாளே அந்த வெளியேற்றத்தை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது.

"பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா?" என்று சகோதரி என்னிடம் கேட்டார். சொல்லுங்கள், ஆனால் பாதியோடு விட்டுவிடாதீர்கள் என்றேன். பஸ்ஸில் ஏற்றியதைச் சொல்லும்போது, அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத பயம்தான் பிள்ளைகளிடம் நீண்டகாலம் தங்கிவிடுகிறது. அன்றிரவே மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னாராம்.

அடுத்த நாள் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் கருங்கல் தூண்களைப் பார்த்துவிட்டு, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி குண்டு வெடித்த ஆலயம் அது. பக்கத்தில் ஒரு சிங்களத் தாய் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். "இங்கையும் தாய்மார் அழுதிருக்கினம்" என்றார் அம்மம்மா.

தாமரைக் கோபுரத்தை வெளியில் நின்றே பார்த்தார்கள். நுழைவுச்சீட்டுக் காசு மிச்சம். மாலையில் காலிமுகத்திடலில் மகன் பட்டம் விட்டான். இஸ்ஸோ வடை வாங்கிப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அடையாள அட்டை அப்போதும் அம்மம்மாவிடம்தான் இருந்தது, ஆனால் கையில் அல்ல, பைக்குள்.

"காசைச் செலவழிச்சுச் சந்தோசப்பட்டது பிழையோ மிஸ்?" என்று புறப்படும்போது சகோதரி கேட்டார். நம்மில் பலருக்கும் இந்தக் குற்றவுணர்வு இருக்கிறது. இழந்தவர்களை நினைப்பதற்கும் பிள்ளைகளுடன் சிரிப்பதற்கும் ஒரே மனதில் இடமுண்டு சகோதரிகளே. இந்தப் பயணத்துக்காக அவர் ஒரு வருடம் சிறு சீட்டுப் பிடித்திருந்தார். கொழும்பு வரை வர முடியாவிட்டால் பக்கத்திலுள்ள கடற்கரையும் போதும். வருடத்தில் ஒரு நாளாவது, அலுவல் எதுவும் இல்லாமல் பிள்ளைகளுடன் வெளியே போய் வாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.